போலிகளால் உள் அழைப்புகளைச் சரிபார்த்தல் – ஒரு விமர்சனம்

போலிகளால் உள் அழைப்புகளைச் சரிபார்த்தல் என்பது மென்பொருளின் அலகுச் சோதனைகளில் காணப்படும் ஒரு வழக்கம். ஒரு செயற்கூறு சரியான விடையைத் தந்ததா என்று பார்ப்பது பொதுவான சோதனை. இவ்வழக்கத்திலோ, அந்தச் செயற்கூறு தன் இனக்குழுவுக்குள்ளேயே இருக்கும் மற்றொரு செயற்கூற்றை அழைத்ததா, எத்தனை முறை அழைத்தது, எந்த மதிப்புகளைக் கொடுத்து அழைத்தது என்பவை சோதிக்கப்படுகின்றன. இதற்காக உண்மைப் பொருளின் இடத்தில் மாக் எனப்படும் போலிப் பொருள் நிறுத்தப்படும்; அல்லது உண்மைப் பொருளின் மேல் ஸ்பை எனப்படும் ஒற்றுப் பொருள் போர்த்தப்படும். ஜாவாவில் மாக்கிட்டோ, பைத்தானில் யூனிட்டெஸ்ட் தொகுப்பின் மாக், ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்படும் கருவிகள்.

மாக் என்ற சொல் கணினித் துறைக்கு வெளியேயும் தமிழில் புழங்குகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காரைக்கால்மேடு போன்ற மீனவர் ஊர்களில் நடத்தப்படும் பேரிடர் ஒத்திகைகளை மக்கள் ‘மாக் டிரில்’ என்றே சொல்கின்றனர். ஒத்திகையில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி அங்கும் உண்டு. சங்கு ஊதியதா, தகவல் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் போனதா என்று பார்ப்பது ஒன்று. கரையோர வீடுகளில் இருந்தவர்கள் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்ப்பது வேறொன்று. அலுவலகக் குறிப்பேட்டில் முதலாவது நிரம்பியிருக்க, இரண்டாவது நடக்காமலே போகலாம். நிரல் சோதனையில் உள் அழைப்பைச் சரிபார்ப்பது பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது என்பதே இவ்வழக்கத்தின் மீதான அடிப்படை விமர்சனம்.

தோற்றம்

டிம் மெக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டீனியாவில் நடந்த எக்ஸ்பி மாநாட்டில் அளித்த கட்டுரையே போலிப் பொருள் முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ‘எண்டோ டெஸ்டிங்’ என்று தொடங்கும் அதன் தலைப்புக்கு உள்ளிருந்து சோதித்தல் என்று பொருள் கொள்ளலாம். 2004இல் ஃப்ரீமன், மெக்கினன், நாட் பிரைஸ், ஜோ வால்ன்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை, போலி செய்ய வேண்டியது பொருள்களை அல்ல, அவை ஏற்கும் பங்குகளை என்று திருத்திச் சொன்னது. ஃப்ரீமனும் பிரைஸும் 2009இல் வெளியிட்ட நூல், ஒரு பொருளின் தோழர்களையும் அதன் உள்ளுறுப்புகளையும் வேறு பிரித்துக் காட்டுகிறது. போலி தோழர்களுக்கு உரியது. உள்ளுறுப்புகளுக்கு உரியது அன்று. இன்றைய நிரல்களில் மிகுதியாகக் காணப்படும் உள் அழைப்புச் சோதனை, அம்முறையை வகுத்தவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தில் அதைப் பயன்படுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. மார்ட்டின் ஃபௌலர் தம் பெயர்பெற்ற கட்டுரையில் நிலையைச் சரிபார்த்தல், நடத்தையைச் சரிபார்த்தல் என்ற இரண்டையும் பிரித்து விளக்கினார். ஜெரார்ட் மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட நூலில், சோதனை தேவைக்கு மேல் கட்டளையிடுவதால் வரும் கேட்டுக்குத் தனிப்பெயரே வைத்தார்.

ஊர்ப்பெயரும் பதினான்கு குறியெண்களும்

தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நூலகங்களுள் முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் குறிப்பிடத்தக்கது. ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் உண்டு. இத்தகைய செயற்கூறு ஏன் தேவை என்பதைக் ‘காரைக்கால்மேடு’ என்ற பெயரே காட்டும். ஒருங்குறியில் இச்சொல் 14 குறியெண்கள் கொண்டது. படிப்பவருக்கோ கா, ரை, க், கா, ல், மே, டு என 7 எழுத்துகள். கணினியிடம் நீளம் கேட்டால் 14 என்று சொல்லும். சொல்விளையாட்டு, அகரவரிசை, யாப்பு எதுவானாலும் வேண்டியது 7.

இப்படி ஒரு பிரிப்புச் செயற்கூற்றை ஒருவர் புதிதாக எழுதுகிறார் என்று கொள்வோம். குறியெண்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ‘இது சார்புக் குறியா’ என்று ஓர் உட்செயற்கூற்றிடம் கேட்டு, ஆம் என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டுகிறது; இல்லை என்றால் சேர்த்துவைத்த எழுத்தைப் பட்டியலில் போட்டுவிட்டுப் புதிய எழுத்தைத் தொடங்குகிறது. இதற்கு இரண்டு விதமாகச் சோதனை எழுதலாம். முதலாவது, காரைக்கால்மேடு என்ற சொல்லைக் கொடுத்து அந்த 7 எழுத்துகளும் அதே வரிசையில் வருகின்றனவா என்று ஒப்பிடுவது. இரண்டாவது, உட்செயற்கூற்றின் மேல் ஒற்றுப் பொருளைப் போர்த்தி அது 14 முறை அழைக்கப்பட்டதா என்று எண்ணுவது.

இந்த வகை நிரலில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. சுழற்சி முடிந்த பின், கையில் மிச்சமிருக்கும் கடைசி எழுத்தைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவது. அப்போது ஊர்ப்பெயர் ‘காரைக்கால்மே’ என்று முடியும். முதல் சோதனை உடனே சிவப்பைக் காட்டும். இரண்டாவது சோதனை பச்சையிலேயே நிற்கும். ஏனெனில் உட்செயற்கூறு 14 முறையும் ஒழுங்காக அழைக்கப்பட்டிருக்கிறது. மாறாக, வேறொரு தன்னார்வலர் வந்து அதே வேலையைச் சீரான கோவை கொண்டு ஒரே வரியில் எழுதினால் விடை துளியும் மாறாது. ஆனால் உட்செயற்கூறு இப்போது அழைக்கப்படவே இல்லை என்பதால் இரண்டாவது சோதனை சிவப்பாகும். பிழை வந்தபோது வாய்மூடி, திருத்தம் வந்தபோது கூச்சலிடும் சோதனை அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்காலுக்கு அருகிலுள்ள கோட்டுச்சேரி என்ற பெயரில் ‘கோ’ இருவகையாக உள்ளிடப்படலாம்: ஓகாரக் குறி ஒரே குறியெண்ணாக இருக்கலாம், அல்லது ஏகாரக் குறியும் கால் குறியும் என இரண்டாக இருக்கலாம். ஒருங்குறித் தரப்படி இரண்டும் சமமானவை. எனவே ஒரே பெயர் ஓரிடத்தில் 12 குறியெண்களாகவும் மற்றோரிடத்தில் 13 ஆகவும் இருக்கும். எழுத்து 6 என்பது மட்டும் மாறாது. அழைப்பு எண்ணிக்கையைச் சோதனையில் எழுதுபவர் 12 என்று எழுதுவதா, 13 என்று எழுதுவதா? அந்தக் கேள்விக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை. தமிழ்க் கணிமை பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்களால் நடப்பது. புதிதாக ஒருவர் சரியான திருத்தத்தை அனுப்பி, அது நாற்பது சோதனைகளைச் சிவப்பாக்கினால், அவர் மறுமுறை வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. இவ்வழக்கத்தால் வரும் இழப்புகளில் கணக்கில் ஏறாத இழப்பு இதுவே.

விதியை எழுத இடமில்லாத சோதனை

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். முன்பு இது மே 29 வரை 45 நாள்களாக இருந்தது; தமிழ்நாட்டில் 2017இல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. காரைக்கால் பகுதிப் படகுகளுக்கும் இப்போது இதே 61 நாள்கள்தாம். ‘புறப்படலாமா’ என்று ஒரு செயற்கூறும், அது உள்ளே அழைக்கும் ‘தடைக்காலமா’ என்று மற்றொன்றும் கொண்ட நிரலை எடுத்துக்கொள்வோம்.

‘தடைக்காலமா’ ஒருமுறை அழைக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் சோதனை, அது தந்த விடையை ‘புறப்படலாமா’ என்ன செய்தது என்பதைப் பார்ப்பதில்லை. விடையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தடைக்காலத்தில் போகச் சொல்லி மற்ற நாள்களில் தடுத்தாலும் அது பச்சை. தேதிகளைக் கொண்டு எழுதும் சோதனைக்கு நான்கு நாள்கள் போதும்: ஏப்ரல் 14 போகலாம், ஏப்ரல் 15 கூடாது, ஜூன் 14 கூடாது, ஜூன் 15 போகலாம். இந்நான்கும் விதியைப் படிக்கத் தெரிந்த எந்த மீனவருக்கும் புரியும். விதி 45இலிருந்து 61ஆக மாறிய ஆண்டில், ‘மே 30 கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தால் பழைய நிரல் உடனே தவறியிருக்கும். எங்கே திருத்துவது என்று தேட வைத்திருக்கும். அழைப்பைப் பார்க்கும் சோதனையில் அந்த வரியை எழுத இடமே இல்லை. தடைக்காலம் 45 நாளானாலும் 61 நாளானாலும் அது சொல்வது ஒன்றே: அழைத்தார்கள்.

ஊகத்தைக் கொண்டு ஊகத்தைச் சோதித்தல்

போலிப் பொருள் என்ன விடை சொல்ல வேண்டும் என்பதைச் சோதனை எழுதுபவரே தீர்மானிக்கிறார். நிரலை எழுதியவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே அவர் மனத்தில் உள்ள தவறான எண்ணம் நிரலிலும் போலியிலும் ஒருசேரக் குடியேறும்.

பலத்த காற்று எச்சரிக்கை அனுப்பும் ஒரு நிரலில், காற்றின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டினால் படகுக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் ‘வேகம் பெறு’ என்ற உட்செயற்கூற்றை நீக்கிவிட்டு, 50 என்று சொல்லும் போலி வைக்கப்படுகிறது, ‘எச்சரிக்கை அனுப்பு’ அழைக்கப்பட்டதா என்று பார்க்கப்படுகிறது, அழைக்கப்பட்டது. உண்மையான ‘வேகம் பெறு’ தருவதோ நாட் அளவில். 30 நாட் என்பது ஏறத்தாழ 55.6 கிலோமீட்டர்; எச்சரிக்கை போயாக வேண்டிய காற்று. நிரலோ 30 என்ற எண்ணை மட்டும் பார்த்து, 45க்குக் குறைவு என்று பேசாமல் இருந்துவிடும். எல்லாச் சோதனைகளும் பச்சையாக இருக்க, படகு கடலில் இருக்கும்.

கற்பனை எடுத்துக்காட்டு என்று இதைத் தள்ளிவிட இயலாது. நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுகலன் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்ததற்குக் காரணம் இதே வகை அலகுக் குழப்பம். தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை ஆங்கில அலகில் தந்தது. அதைப் பெற்ற மென்பொருள் மெட்ரிக் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண்கள் கைமாறவே செய்தன. எண்ணின் பொருளில்தான் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. இரு பக்கத்தையும் உண்மையாகவே ஒருமுறை இணைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் இத்தகைய பிழையைப் பிடிக்கும். நடுவில் போலியை நிறுத்தினால் அந்த மூட்டு மறைந்துவிடும்.

போலியின் இணக்க குணத்துக்குப் பைத்தான் வரலாற்றில் ஒரு வேடிக்கையான சான்று உண்டு. பைத்தானின் மாக், எந்தப் பெயரில் எதைக் கேட்டாலும் இருக்கிறது என்று தலையாட்டும். அசர்ட்-கால்டு-ஒன்ஸ் என்றொரு சரிபார்ப்பு இருப்பதாக நம்பிப் பலர் தம் சோதனைகளில் எழுதினர். அந்நாளில் அப்படியொன்று கிடையாது. மாக் அதையும் ஏதோ ஒரு செயற்கூறு என்று ஏற்றுக்கொண்டது. சோதனை எந்நாளும் பச்சை. 2015இல் வந்த பைத்தான் 3.5 இத்தகைய அறியாத பெயர்களைப் பிழையாக அறிவிக்கத் தொடங்கியது, 3.6 பதிப்பில் அப்பெயரில் உண்மையான சரிபார்ப்பே சேர்க்கப்பட்டது. எதையும் சோதிக்காத சோதனைகளை அதுவரை எத்தனை பேர் நம்பியிருந்தார்களோ!

வடிவமைப்புக்கு நேரும் சேதம்

உள் அழைப்பை ஒற்றறிவது கருவிகளுக்கே எளிதன்று. மாக்கிட்டோவின் ஸ்பை, கொடுத்த பொருளின் நகலை எடுத்துக்கொள்கிறது. மூலப் பொருளின் மேல் நடக்கும் அழைப்பு அதன் கண்ணில் படாது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே கோப்புக்குள் ஒரு செயற்கூறு மற்றொன்றை நேராக அழைத்தால் ஜெஸ்ட் இடையில் புக முடியாது. டாட்நெட்டின் மோக் கருவிக்கு, மேலெழுதக்கூடியதாக அறிவிக்கப்பட்ட செயற்கூறு வேண்டும். ஆகவே தனியுறுப்பாக இருக்க வேண்டியதைச் சோதனைக்காகவே வெளியே திறந்துவிடுவதும், ஒரே கோப்பை இரண்டாக வெட்டுவதும் நடக்கின்றன. டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2014இல் சோதனையால் வரும் வடிவமைப்புச் சேதம் என்று இதைக் கண்டித்து எழுதினார். அதையொட்டி அவரும் கென்ட் பெக்கும் ஃபௌலரும் பல அமர்வுகளில் விவாதித்தனர். ஹான்சனின் முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பூட்டைச் சோதிப்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பது முறையன்று என்ற அளவில் அவர் சொன்னது சரியே. மாக்கிட்டோவின் கையேடும், ஸ்பையை எப்போதாவது, பழைய நிரலைக் கையாளும்போது, கவனத்துடன் பயன்படுத்துமாறுதான் சொல்கிறது.

படிகளுக்கு மதிப்பெண் என்ற வாதம்

உள் அழைப்புச் சோதனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களுள் ஒன்று, கணக்குத் தாளில் படிகளுக்கு மதிப்பெண் தருவதைப் போன்றது இது என்பது. ஒப்புமை முழுதும் பொருந்தாது. தேர்வில் படிகளைப் பார்ப்பது, மாணவர் கற்றுக்கொண்டாரா என்று அறிவதற்கு. அங்கே விடை ஒரு சாக்கு மட்டுமே. நிரல் கற்றுக்கொள்ள வந்ததன்று, வேலை செய்ய வந்தது. மேலும், நல்ல விடைக்குறிப்பு எதுவும் ஒரே வழியை வற்புறுத்துவதில்லை. மாற்று முறையில் செய்து சரியான விடை கண்டிருந்தால் மதிப்பெண் உண்டு.

2004 ஆழிப்பேரலையன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு ஊரில் நடந்தது இதற்குப் பொருந்தும். அப்போது இந்தியாவில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இல்லை. ஐதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் மையம் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் சொல்ல, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்தில் இருந்த ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுதும் அறிவிக்கப்பட்டது, மக்கள் வெளியேறினர். அந்த ஒலிபெருக்கி மீன்வரத்தும் அலையின் உயரமும் சொல்வதற்காக வைக்கப்பட்டது. எந்தத் திட்டப் படத்திலும் அந்த வழி வரையப்பட்டிருக்கவில்லை. வழியை மட்டும் சோதித்திருந்தால் தோல்வி என்று எழுத வேண்டியிருக்கும்.

எங்கே பொருத்தம்

அழைப்பே விளைவாக இருக்கும் இடங்களும் உள்ளன. படகுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது, வங்கிக்குப் பணம் செலுத்தும் கட்டளை தருவது போன்றவற்றில் நிரலை விட்டு வெளியே போகும் செய்திதான் விடை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் தடைக்கால உதவித்தொகை ஒருவருக்கு இருமுறை போகக் கூடாது என்றால், செலுத்தும் கட்டளை ஒரே முறை போனதா என்று எண்ணுவது முற்றிலும் நியாயம். இடைத்தேக்கமும் அப்படியே: இரண்டாம் முறை கேட்டபோது தரவுத்தளத்துக்குப் போகாமல் கையிலிருந்ததைத் தந்ததா என்பது விடையில் தெரியாது, அழைப்பை எண்ணித்தான் ஆக வேண்டும். இவ்விடங்களிலும் போலியை எல்லையில் நிறுத்த வேண்டும், உள்ளே அன்று. குறுஞ்செய்திச் சேவைக்குப் பதிலாக, வந்த செய்திகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும் எளிய பதிலியை எழுதிவிட்டால், யாருக்கு என்ன செய்தி போனது என்பதை அப்பட்டியலைப் படித்தே ஒப்பிடலாம். அப்போது நாட், கிலோமீட்டர் மாற்றமும் உண்மை நிரலிலேயே நடந்து சோதனைக்குள் வந்துவிடும்.

ஓர் உட்செயற்கூற்றைப் போலியாக்காமல் சோதிக்கவே முடியவில்லை என்றால், அது அந்த இனக்குழுவுக்கு உரியதன்று என்பதற்கான அறிகுறியாக அதைக் கொள்ளலாம். தரவுத்தளத்தைத் தொடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது போன்ற வேலைகளைத் தனி இனக்குழுவாக்கி வெளியிலிருந்து கொடுப்பதே பல சமயம் போதும். தடைக்காலச் சோதனையில் இன்றைய தேதியை நிரல் தானே எடுத்துக்கொண்டால் போலிக் கடிகாரம் தேவைப்படும். தேதியை உள்ளீடாகக் கொடுத்தால் எதுவுமே தேவையில்லை.

ஏற்கெனவே உள் அழைப்புச் சோதனைகள் குவிந்திருக்கும் பழைய நிரலில் அவற்றை ஒரே நாளில் அழிப்பது தவறு. மேலே சொன்ன குறைகள் இருந்தாலும், சில சமயம் அந்நிரலுக்கு இருக்கும் ஒரே காவல் அவைதாம். ஒவ்வொரு சோதனையையும் எடுத்து, அது காப்பதாகச் சொல்லும் வரியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கலாம்: 45 என்பதை 450 ஆக்குவது, ‘மேல்’ என்பதைக் ‘கீழ்’ ஆக்குவது. ஜாவாவில் பிட், பைத்தானில் மியூட்மட் ஆகிய கருவிகள் இதைத் தாமே செய்து தரும். கெடுத்த பின்னும் பச்சையாக நிற்கும் சோதனைக்குப் பக்கத்தில், விடையைப் பார்க்கும் சோதனை ஒன்றை எழுதி, அது சிவப்பாவதைக் கண்ட பிறகே பழையதை நீக்க வேண்டும்.